பார்க்காமல் போட்ட கையெழுத்து

விழுந்து நாலு நாளான விமானத்தின் என்ஜின் இன்னும் ஆறிக்கொண்டிருந்தது. டிக்... டிக்... ஓட்டி நிறுத்திய வண்டியில் கேட்குமே, அதே சத்தம். பட்டப்பகலில், ஷெட்டின் தகரக் கூரை வெயிலில் முனக, பெட்ரோலும் கருகிய ரப்பரும் கலந்த நாற்றம் தொண்டையில் ஒட்டிக்கொள்ள, மேசை முன் உட்கார்ந்திருந்த மெக்கானிக் தார்ப்பாய் போட்டு மூடிய அந்தக் குவியலைப் பார்க்காமலே காதை மட்டும் அங்கே வைத்திருந்தான். கூரைதான், வேறொன்றுமில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

இரண்டு சீட் விமானம். கிளம்பி மரங்களைத் தாண்டுவதற்குள் என்ஜின் நின்று விழுந்தது. ஓட்டிச் செத்தவன் மெக்கானிக்கின் தங்கை புருஷன். முந்தின ராத்திரி மழை கொட்டித் தீர்த்திருந்தது. அப்படிப்பட்ட காலையில் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து, தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. மெக்கானிக்குக் குனியச் சோம்பேறித்தனம், பார்த்தாச்சு என்று பதிவேட்டில் கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டான்.

"மச்சான், பெட்ரோல் பாத்தாச்சா?"

"எல்லாம் பாத்தாச்சு மாப்ளே, ஏறுங்க."

இப்போது எல்லோரும் செத்தவன் தலையில் போடுகிறார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவன் வந்து சாட்சி சொல்லவா போகிறான்? மெக்கானிக்குக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாலே காறித் துப்பத் தோன்றியது. துப்பியதில்லை.

தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, அவருக்கு ஓட்டத் தெரியலன்னு பேசிக்கிறாங்க. ஸ்கூல்ல பொண்ணுகிட்டயே கேக்குறாங்க. நீதானே பெட்ரோல் பாத்தே? உண்மையச் சொல்லு."

பார்க்கலம்மா. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்னால் வேலை போகும். ஜெயில்கூட.

"பாத்தேம்மா. வண்டில ஒரு குறையும் இல்ல. அவர்தான் அவசரப்பட்டுட்டாரு."



"அப்படின்னா அதுல நீயே ஏறியிருப்பே, இல்ல?"

"தாராளமா ஏறியிருப்பேன்."

"சரிண்ணா." வைத்துவிட்டாள்.

டிக் சத்தம் நின்றது.

தார்ப்பாய்க்கு அடியில் ஏதோ உராய்ந்தது. எலி. எலியாகத்தான் இருக்கும். நாற்றம் கூடியது. மேசை நடுங்கியது. போதும்டா சாமி, வீட்டுக்குப் போய்விடலாம். எழுந்தான்.

எழ முடியவில்லை.

குனிந்து பார்த்தான். இடுப்பின் குறுக்கே விமானத்தின் சீட் பெல்ட். பாதி கருகியது. இறுக்கமாக.

பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். திரும்பவில்லை. திரும்பக் கூடாது. அந்தச் சூடு தோளில் பட்டது.

"போலாமா மச்சான்?"

திறந்த வாசல். வெயில். ஓடுதளம்.

அவன் உட்கார்ந்திருந்த சீட் அதை நோக்கி நகரத் தொடங்கியது.