பாயும் ஆணியும்

உட்காரச் சொல்லியும் ஆமினா பீவி உட்காரவில்லை.

"எங்க ஊட்டுக்காரரை நேத்து போலீஸ் கூட்டிட்டுப் போயிருச்சுங்க. காலையில ஊட்டு மேல கல்லு விழுந்துச்சு."

1994 ஆடிக் காற்று துப்பறிவாளர் மருதாசலத்தின் அலுவலகக் கதவை ஆட்டிக்கொண்டிருந்தது. ஆமினாவின் கணவர் முஸ்தபா உக்கடத்தில் தச்சுப் பட்டறை வைத்திருந்தார். பக்கத்து வீட்டு ஆங்கில வாத்தியார் சாமுவேல் மண்டை உடைந்து, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். விழுமுன் "பாய், ஆணி" என்று கத்தினாராம். ஆணியும் சுத்தியலுமாக இருக்கும் பாய் அந்தச் சந்தில் ஒருவர்தான். போலீசுக்கு வேறென்ன வேண்டும்?

"வாத்தியார் அவரை எப்படிங்க கூப்பிடுவாரு?"

"மச்சான்னுதானுங்க. நான் கல்யாணமாகி வந்த நாள்ல இருந்தே."

உதவியாளர் செவ்வந்தி 'மச்சான்' என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டாள்.

வாத்தியார் வீட்டுக்கு இரண்டு பேரை வரவழைத்தார் மருதாசலம். ஒருவர் எதிர்வீட்டுப் பழனியாத்தாள். மற்றவர் வாத்தியாரிடம் படித்து, இப்போது டுடோரியல் நடத்தும் சென்னகிருஷ்ணன்.

"அம்மணி, காதுல விழுந்ததை அப்படியே சொல்லுங்க."

"'பாயானியூ'ன்னு கேட்டுச்சுங்க. எனக்கொண்ணும் வெளங்கல. என் சத்தம் கேட்டு வந்த இந்தத் தம்பிதான் 'பாய், ஆணி'ன்னு பிரிச்சுச் சொன்னாரு."

"சார், அந்த 'யூ' எங்கே போச்சு?" என்று துள்ளினாள் செவ்வந்தி.

மருதாசலம் நிதானமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "வாத்தியார் சொன்னது 'ஃபை ஆன் யூ'. பழைய இங்கிலீஷ். சபாஷ்னு அர்த்தம். ஆக, வந்தவரை அவர் பாராட்டியிருக்கார்."

"சபாஷ் இல்லீங்க! 'சீ, வெட்கங்கெட்டவனே'ன்னு அர்த்தம். இப்ப யாரும் அதைப் பேசறதில்ல. வாத்தியார்தான் காப்பியடிக்கிற பசங்களை..." சென்னகிருஷ்ணன் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"தப்பா அர்த்தம் சொன்னா உங்களுக்குப் பொறுக்காதுன்னு தெரியும். இவ்வளவு தெரிஞ்சவர் அதை ஏன் ஆணியாக்கினீங்க?"

சென்னகிருஷ்ணனின் முகம் வெளுத்தது. "டுடோரியல் பசங்களுக்காகப் பரீட்சைக் கேள்வித்தாளை முன்கூட்டியே கேட்டேனுங்க. அந்த வார்த்தையைச் சொல்லிப்போட்டாரு. கோவத்துல தள்ளிப்போட்டேன்."

"தள்ளினது கோபத்துல. முஸ்தபா தலையில கட்டினது யோசிச்சு."

சாயங்காலம் முஸ்தபா வந்தபோது சந்தே வாசலில் நின்றது. "வாங்க பாய்" என்ற பழனியாத்தாள் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

"வாத்தியார் மச்சான்னு கூப்பிட்டா சந்துக்கே கேட்குமேங்க. அதைப் போலீசுகிட்ட ஒருத்தராவது சொல்லலியே!" என்று ஆமினா உடைந்து அழுதாள்.

அந்தப் பழைய இங்கிலீஷ் சொல் செவ்வந்தியின் நாக்கு நுனிவரை வந்தது. யாரைப் பார்த்துச் சொல்வதென்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.