ஒரு தட்டு தட்டினால் எல்லாம் சரி

ஸ்பானர் அவன் கையிலிருந்துதான் நழுவியது. லிஃப்ட் குழியின் விளிம்பில் நின்றபடி மேனேஜர் தும்முவதை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தவனுக்கு, கையில் இருப்பது மறந்துபோயிற்று. அது கீழே போனது தெரிந்தது. விழுந்த சத்தம்தான் கேட்கவில்லை.

“நான் எடுக்கறேன் மாமா,” என்றான் மச்சினன். அதற்குள் ஒரு கால் ஏணியில் இருந்தது.

மச்சினனின் இந்தத் துணிச்சல்தான் அவனுக்கு வயிற்றெரிச்சல். இருவரும் சேர்ந்தே லிஃப்ட் பழுது பார்க்கிறார்கள். குழி என்றால் அவனுக்கு வேர்த்துக் கொட்டும். வேர்க்க வேர்க்க ஜோக்கடிப்பான். மச்சினனோ கடைக்கு உப்பு வாங்கப் போகிறவன் மாதிரி வாயைத் திறக்காமல் இறங்குவான். “என் தம்பிக்கு நெஞ்சு இரும்பு. இவரு கரப்பான்பூச்சிக்கே கட்டில் மேல ஏறுற ஆளு,” என்று விருந்தாளிகளிடம் சொல்வாள் மனைவி. எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான், எல்லோரையும் விடச் சத்தமாக.

பேசாதவனோடு வேலை செய்ய அவன்தான் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தான். மேலிருந்து கூப்பிட்டால், கீழிருந்து கம்பியில் ஒரு தட்டு: எல்லாம் சரி. இரண்டு தட்டு: மேலே வருகிறேன். இரண்டு தட்டு வந்ததே இல்லை. மச்சினன் சொல்லாமல் கொள்ளாமல் ஏறி வந்து நிற்பான். ஆனால் அந்த ஒரு தட்டு, எந்தக் கட்டடமானாலும், அவசரமில்லாமல், நடுக்கமில்லாமல் வரும். அந்தத் தட்டின் மேல்தான் அவனுக்குப் பொறாமை.

அன்று வேலைக்கு வந்திருந்த அலுவலகம் காலியாகிவிட்டிருந்தது. தேங்கிய தண்ணீரும் பழைய கிரீஸும் கலந்த வாடை குழியிலிருந்து மெதுவாக எழுந்து, அவன் சட்டைக்குள் புகுந்து, கழுத்துவரை ஈரமாக ஏறியது. உச்சி மாடியில் நிறுத்தி வைத்த லிஃப்ட், கயிற்றில் தொங்கியபடி, தூக்கத்தில் புரளும் கிழவரைப் போல முனகியது.

“மாப்ள, கிடைச்சுதா?”

டங்.

“கீழ யாராவது குடியிருந்தா வாடகை கேளு.”

டங்.

ஒரே ஒரு தடவை அந்த இரும்பு நெஞ்சு உடைவதைக் கேட்டுவிட வேண்டும். ஒரு சின்ன அலறல் போதும். அதை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க விருந்தாளிகளைச் சிரிக்க வைக்கலாம். குழி விளக்கின் சுவிட்ச் கதவோரம், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அணைத்தான்.

அலறல் இல்லை.

“மாப்ள?”

டங். அதே நிதானம்.

“பயமே கிடையாதா உனக்கு?”

கேட்டு முடிக்கும் முன்பே, டங்.

பிறகு கூப்பிடாமலே. டங்.

கொஞ்சம் மேலேயிருந்து.

சுவிட்சைப் போட்டான். மச்சினன் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றான். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தியிருந்தான். கண் இமைக்கவில்லை.

டங்.

அவன் இறங்கினான். முதல் தடவையாக, ஜோக் இல்லாமல். மச்சினனின் காலரைப் பிடித்து, ஒவ்வொரு படியாக மேலே கொண்டுவந்து தரையில் உட்கார வைத்தான். நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி நடுங்கினான் பையன். அவனை அணைத்துக்கொண்டான்.

“நான்தான்டா லைட்டை அணைச்சேன். புத்தி கெட்டுப்போச்சு. ரொம்பப் பயந்துட்டியா?”

“எப்பவுமே பயம்தான் மாமா.” குரல் காற்றாக வந்தது. “பயந்தா எனக்குப் பேச்சு வராது. கீழ போனதும் கொஞ்ச நேரம் கைகூட அசையாது.”

“அசையாதுன்னா... அப்ப தட்டறது?”

மச்சினன் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தான்.

“நான் ஒரு தடவைகூடத் தட்டினதில்ல மாமா. எந்தக் கட்டடத்துலயும். எனக்குத் தைரியம் வரட்டும்னு நீங்கதான் மேலருந்து தட்டறீங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்.”

விளக்கு பளிச்சென்று எரிந்தது. குழியில் யாருமில்லை. விளிம்பில் சாய்ந்திருந்த ஏணி, ஆள் ஏறும் கனத்தில் லேசாக வளைந்தது.

டங். டங்.