ஒரு நிமிடத்தில் அறுபத்திரண்டு சொற்கள்

வாலு என்று எல்லோரும் கூப்பிடும் அந்தச் சிறுமிக்கு வாசிக்க வராது. நாலாம் வகுப்புக்கு வந்தும் வராது. பேச்சு மட்டும் எட்டூருக்குக் கேட்கும்.

அவளுக்காகவே வந்தார் பயிற்சி டீச்சர். வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று கல்லூரியில் மேற்படிப்பு படிப்பவர். மூன்று மாதத்தில் ஒரு பிள்ளையை வாசிக்க வைத்துக் காட்டினால்தான் அவருக்குத் தேர்ச்சி.

நூலக மூலையில் உட்கார்ந்து, படகுக்காரர் கதை ஒன்றை முதலில் டீச்சர் வாசிப்பார். அடுத்து வாலு. ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் என்று டீச்சர் கடிகாரத்தைப் பார்த்துத் தாளில் குறிப்பார். வாரங்கள் மாறின. கதை மாறவில்லை. முதல் வாரம் ஒன்பது சொல். பன்னிரண்டாம் வாரம் அறுபத்திரண்டு!

"அடேயப்பா! பிச்சு உதறிட்ட! நாளைக்கு எங்க பேராசிரியர் வர்றாங்க. இதே மாதிரி வாசிச்சா போதும், நான் பாஸ். நீயும் இனிமே இங்க வர வேணாம்."

"அப்போ நீங்க வர மாட்டீங்களா?"

"எதுக்கு? உனக்குத்தான் வாசிக்க வந்துடுச்சே!"

வாலுவுக்கு உண்மை தெரியும். அவள் வாசிக்கவே இல்லை. கேட்டுக் கேட்டுக் கதை மனப்பாடமாகிவிட்டது, அவ்வளவுதான். பெரியவர்களுக்கு எண்ணைப் பார்த்தால் போதும், பிள்ளையைப் பார்க்க மாட்டார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் மருந்துக்கடைப் பலகையை வாசித்துப் பார்த்தாள். நாலு எழுத்துக்கு மேல் நகரவில்லை.

மறுநாள் பேராசிரியர் வந்து எதிரே உட்கார்ந்தார். வாலு கதைத் தாளை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். கதையை ஒரு சொல் பிசகாமல் கடகடவென்று ஒப்பித்தாள்.

"எனக்கு வாசிக்க வரல. கதைதான் வருது."

டீச்சரின் முகம் வெளிறியது.

"மூணு மாசமும் ஒரே கதையை வச்சா அளந்தீங்க?" என்றார் பேராசிரியர். டீச்சரின் குறிப்புத் தாளில் அறுபத்திரண்டின் மேல் கோடு போட்டார். "அடுத்த வருஷம் மறுபடி செய்யுங்க."

அவர் போனதும் டீச்சர் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வாசல்வரை போனார். வாலுவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் அவளுக்கு ரொம்பவும் வலித்தது.

வாசலில் நின்று டீச்சர் கேட்டார்: "நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

"நேத்து நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க, டீச்சர்."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரும்பி வந்து உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பைக்குள் போட்டுவிட்டு, வாலு பார்த்தே இராத ஒரு கதைப் புத்தகத்தை எடுத்தார்.

"இதை நான் வாசிச்சுக் காட்ட மாட்டேன்."

வாலு விரலை வைத்தாள். திக்கினாள், முக்கினாள், தப்பாகச் சொல்லித் திருத்தினாள். பள்ளி மணி அடித்தது.

"எத்தனை, டீச்சர்?"

"ஏழு."

கோடு போட்ட அறுபத்திரண்டின் பக்கத்தில் டீச்சர் ஏழு என்று எழுதினார். வாலு அந்த எண்ணைத் தொட்டுப் பார்த்தாள். அது முழுக்க அவளுடையது.