தூங்குமூஞ்சி ராஜா கரைந்த கதை

வீட்டில் எல்லாரும் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். செய்கிற சேட்டைக்குப் பொருத்தமான பட்டம். ஆனால் மூன்று நாளாக வாலு வாயே திறக்கவில்லை.

நடந்தது இதுதான். அன்று காலை அவர்களின் அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் வரவில்லை. வாலு சமையலறைக் குழாயைத் திருகிப் பார்த்தாள். 'புஸ்' என்று காற்றுதான் வந்தது. குழாயை மூட மறந்து பள்ளிக்கு ஓடிவிட்டாள். பாத்திரத் தொட்டியின் ஓட்டையை ஒரு தட்டு வேறு அடைத்துக்கொண்டு கிடந்தது.

மாலையில் வந்து பார்த்தால் சமையலறை குளமாகியிருந்தது! வாலு பதறிப்போய்க் குழாயை மூடினாள். கையில் கிடைத்த துணியையெல்லாம் போட்டுத் துடைத்தாள்.

வேலை முடிந்து வந்த அம்மா, "அட, என் பொண்ணா இது? தரையெல்லாம் பளபளன்னு இருக்கே!" என்று மெச்சினார். அந்தப் பாராட்டு வாலுவுக்கு இனிக்கவே இல்லை.

கீழ் வீட்டில் பொம்மை அக்கா குடியிருந்தார். காகிதக் கூழில் கைப்பொம்மைகள் செய்து, பள்ளி பள்ளியாகப் போய்க் கதை காட்டுவது அவர் தொழில். வெளியூர் போயிருந்தவர் மறுநாள்தான் திரும்பினார்.

கதவைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டார். கூரையிலிருந்து சொட்டிய தண்ணீரில் அலமாரியே ஊறிப்போயிருந்தது. மந்திரியின் மூக்கு தளபதியின் மடியில் கிடந்தது. அக்கா முதன்முதலில் செய்த தூங்குமூஞ்சி ராஜாவின் பட்டுச் சட்டைக்குள் வெறும் கூழ்தான் மிச்சம். அந்த ராஜா கொட்டாவி விடும்போதெல்லாம் வாலு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள்.

"மழை அப்படிக் கொட்டுச்சே. சுவர் வழியா இறங்கியிருக்கும்" என்றார் காவலாளி.

லிஃப்ட் மெக்கானிக்கான வாலுவின் அப்பா ஆறுதல் சொன்னார். "கவலைப்படாதம்மா. வீட்டு ஓனர்தான் இன்சூரன்ஸ் போட்டிருக்காரே."

"அது சுவருக்கும் கூரைக்கும்தான் அண்ணா. உள்ள இருக்கிற நம்ம பொருளுக்கு வாடகைக்கு இருக்கிற நாமதான் போடணும். நல்லவேளை, நான் போட்டிருக்கேன்."

அப்பா அசடு வழிந்தார். 'நாலு பொம்மைக்கு இன்சூரன்ஸா?' என்று முன்பு அக்காவைக் கிண்டல் செய்தவரே அவர்தான்.

வெள்ளிக்கிழமை இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒருவர் சேதத்தைப் பார்க்க வந்தார். அப்போது வாலு, மிஞ்சிய பொம்மைகளை மின்விசிறிக்கு அடியில் காய வைத்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர் சுவரைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "மழைத் தண்ணி கசிஞ்சு ஊறினா இந்தப் பாலிசியில பணம் வராதும்மா. மேல் வீட்டுலேர்ந்து திடீர்னு தண்ணி கொட்டியிருந்தா வரும். இது மழைன்னுதானே எல்லாரும் சொல்றாங்க?"

"எனக்குத் தெரியல சார். நான் ஊர்லயே இல்ல." அக்கா முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "பணம் வரலைன்னா நான் எதை வெச்சுக் கதை காட்டுவேன்?"

வாலு கையிலிருந்த பொம்மையைக் கீழே வைத்தாள். சொன்னால் அப்பா மாட்டிக்கொள்வார். சொல்லாவிட்டால் அக்காவின் பிழைப்பே போய்விடும்.

"மழை இல்ல சார். எங்க வீட்டுத் தண்ணி. நான்தான் குழாயை மூட மறந்துட்டேன்."

அக்கா மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

"உங்க வீட்ல இன்சூரன்ஸ் இருக்கா பாப்பா?" என்று கேட்டார் வந்தவர்.

"இல்ல சார்."

"அடடா! இருந்திருந்தா, உங்களால அடுத்தவங்களுக்கு வந்த நஷ்டத்தை அதுவே பார்த்துக்கிட்டிருக்கும். இப்போ இவங்களுக்கு நாங்க கொடுத்துடுவோம். ஆனா ஒரு பங்கை உங்க அப்பாகிட்ட கேட்க வேண்டியிருக்கும்."

வந்தவர் மேல் வீட்டைப் பார்க்கப் போனார். அக்கா திட்டியிருந்தால்கூட வாலு தாங்கியிருப்பாள்.

"குழாயை யார் வேணும்னாலும் மறப்பாங்க" என்றார் அக்கா மெதுவாக. "ஆனா என் வீட்டுச் சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு? அப்பவே ஒரு எட்டு இறங்கி வந்து பாத்திருந்தா, ராஜாவையாவது காப்பாத்தியிருக்கலாமே வாலு!"

வாலு தலை குனிந்தாள். அன்று துணியைப் பிழிந்தபடி, ஆணியில் தொங்கிய அந்தச் சாவியை அவள் பார்த்தாள். பயத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்போது மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது.

அப்பா கத்தவில்லை. "என்கிட்டயாவது உடனே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். வாலுவுக்கு வாங்குவதாக இருந்த சைக்கிள் தள்ளிப்போனது. அந்த வாரமே அப்பாவும் ஒரு பாலிசி எடுத்தார்.

கொஞ்ச நாளில் அக்காவுக்குப் பணம் வந்தது. பசையும் பெயின்ட்டும் துணியும் வாங்கினார். யாரும் கூப்பிடாமலே வாலு தினமும் மாலையில் கீழே போய், காகிதத்தைக் கிழித்து ஊறவைத்துக் கொடுத்தாள். அக்கா அதிகம் பேசவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

ஒருநாள் முட்டைக்கண்ணோடு ஒரு புதுப்பொம்மை தயாரானது.

"இவன்தான் தூங்குமூஞ்சி ராஜாவா அக்கா?"

"இல்ல. அவன் போயிட்டான். அவனை எந்தப் பணத்தாலயும் வாங்க முடியாது. இவன் வேற ஆளு." அக்கா பொம்மையை அவள் கையில் மாட்டினார். "எங்க, பேச வை பாக்கலாம்."

வாலு விரலை மெல்ல மடக்கினாள். பொம்மை தலை குனிந்தது.

"மன்னிச்சிடுங்க அக்கா" என்றது.

அக்கா வாலுவைப் பார்க்கவில்லை, பொம்மையைத்தான் பார்த்தார்.

"சரிடா, சரி" என்றார். "அழுது கிழுது வைக்காத. பெயின்ட் இன்னும் காயல."