ஒன்பது ராத்தல் திருட்டு

"ஏனுங்க... என்னைய உட்டுப்போட்டுப் போயிட்டீங்களே!"

மாசாணியம்மாளின் அலறல் பஞ்சு கோடவுனையே உலுக்கியது.

உத்தரத்தில் தொங்கியது அவள் புருஷன் பொங்கியண்ணன். கோயமுத்தூர் மில்லில் பன்னிரண்டு வருஷமாக எடை போட்டவன். பாவி மனுஷன், ஒருத்தர் சோலிக்கும் போகாதவன்!

சப்-இன்ஸ்பெக்டர் திருமூர்த்தி தொப்பியைக் கழற்றினார். நேற்று ஸ்டேஷனுக்கு வந்து, "நான் திருடலீங்க" என்று அழுதவனை, "அப்புறம் பாக்கலாம், போய்யா!" என்று விரட்டியவர் அவர்தான்.

"என்ன நடந்துச்சுங்க?"

மில் முதலாளி வெங்கடபதி நாயுடு முகத்தைத் துடைத்தார்.

"எகிப்துப் பஞ்சுங்க. கொச்சித் துறைமுகத்து ரசீதுல பேலுப் பொதி ஒண்ணுக்கு எழுநூறு ராத்தல். இங்க நிறுத்தா ஒவ்வொண்ணுலயும் ஒம்பது ராத்தல் கொறையுது! திருடன்னு சொல்லி நேத்து சீட்டைக் கிழிச்சுப்போட்டேன்..."

"பேலுல கட்டுன இரும்புப் பட்டை அறுந்திருந்துதா?"

"இ... இல்லீங்க."

"அப்புறம் எப்படீங்க பஞ்சை உருவுவான்? மந்திரம் போட்டா?"

நாயுடு தராசைக் கைகாட்டினார்.

மாசாணியம்மாள் திருமூர்த்தியின் காலைப் பிடித்தாள்.

"திருடன் பொண்டாட்டின்னு ஊரு சொல்லுமுங்க. அந்தப் பேரை மட்டும் அழிச்சுக் குடுங்க சாமி!"

திருமூர்த்தி தராசருகே போய் ஓர் எடைக்கல்லை எடுத்தார். விரலில் ஏதோ உதிர்ந்தது.

சந்தனம்!

போன வாரம் ஆயுத பூஜைக்குப் பூசியது. காய்ந்து, தடிப்பாக, ஏழு கல்லிலும்!

"தம்பிதுரை! தண்ணி கொண்டா!"

கான்ஸ்டபிள் தம்பிதுரை கற்களைத் தேய்த்துக் கழுவினான். ஒரு பேலை மறுபடி நிறுத்தார்கள்.

எழுநூறு! ஒரு ராத்தல் குறையவில்லை!

"இந்தத் தராசுல ஒரு ராத்தல் கல்லு நூறு ராத்தல் பஞ்சுக்குச் சமமுங்க." திருமூர்த்தி கழுவிய கல்லை உயர்த்திக் காட்டினார். "கல்லுல அரைத் தோலா, அரை ரூவாக் காசு எடைக்குச் சந்தனம் ஏறுனாலே, கல்லு கனத்துப் பஞ்சை ஒரு ராத்தலுக்கு மேல கொறைச்சுக் காட்டும். ஏழு கல்லுக்கு ஒம்பது ராத்தல்! திருட்டே நடக்கலீங்க..."

நாயுடு தலையில் அடித்துக்கொண்டார்.

"அட கடவுளே! இத்தனை சந்தனத்தை யாருய்யா அப்புனது?"

"நானுங்க."

மாசாணியம்மாள்!

"வருசாவருசம் அவரு பொட்டுதானுங்க வெப்பாரு. எங்களுக்குச் சோறு போடற கல்லாச்சேன்னு, இந்த வருசம் நான் வந்து முழுசாப் பூசுனேன். சாமிக்கு வெச்சதைக் கழுவக் கூடாதுன்னு அவரும் உட்டுப்போட்டாரு..."

அவள் புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப... நானாங்க அவரைக் கொன்னுபோட்டேன்?"

"இல்லம்மணி... இல்ல! அவரு யோக்கியருன்னு ஊரறியச் சொல்லறேன்!"

அவள் காதில் எதுவும் ஏறவில்லை. திருமூர்த்திக்குக் கண் நிறைந்துவிட்டது.

தம்பிதுரை தயங்கித் தயங்கி வந்தான்.

"ரிப்போர்ட்டுல குத்தவாளி பேரு என்னன்னு போடட்டுங்க?"

"சாமின்னு போடு. சம்மன் குடுக்க விலாசம் கெடைக்கலைன்னும் சேத்துப் போடு!"