கடைசித் தடத்துக்கு மேலே

காலை எட்டு மணிக்குள் மிதவூரின் சுவர்கள் பன்னிரண்டாயிரம் கேட்புகளைக் கேட்டுவிட்டிருந்தன. மூன்றாம் தளத்தில் ஒருவருக்கு வெந்நீர் வேண்டியிருந்தது. எட்டாம் தளத்தில் ஒருத்தி தன் பெயரோடு ஒட்டியிருந்த கணவன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். நான்காம் தூணின் அடியில் இறங்கவிருந்த முக்குளிப்பாளர் ஒருவர் மூச்சுக்கலனை மாற்றித் தரச் சொன்னார். எல்லோரும் பக்கத்திலிருந்த சுவர்ச்செவியில் சொன்னார்கள், சொன்னது நடந்தது. எந்த அலுவலகம், எந்த மாடி, யாரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம், தூத்துக்குடிக் கரையிலிருந்து பதினெட்டு மைல் தள்ளி நங்கூரமிட்டிருந்த அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பதினோரு வருடமாகத் தெரியவேண்டிய தேவையும் இல்லை.

அதையெல்லாம் தெரிந்து வைத்திருந்தது தடங்காட்டி. ஒருவர் பேசியதைச் சுவர்ச்செவி ஒரு வினையாகவும் ஒரு முகவரியாகவும் சுருக்கிக் கொடுக்கும். வினைகள் நான்குதான்: கொண்டுவா, சேர், மாற்று, நீக்கு. முகவரி படிப்படியாக இறங்கும்: குடியிருப்பு, மூன்றாம் தளம், பன்னிரண்டாம் வீடு, வெந்நீர். தடங்காட்டி அதை எடுத்துக்கொண்டு தடப்பட்டியலின் உச்சியிலிருந்து கீழ்நோக்கி வரும். எந்தத் தடம் முதலில் பொருந்துகிறதோ அதன் வழியாகக் கேட்பு உரிய கையாளியிடம் போய்ச் சேரும். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று தடங்காட்டி எட்டிக்கூடப் பார்க்காது.

அந்தப் பட்டியலை எழுதியவர் ஜெசிந்தாவின் கணவர் கஸ்பார். அறுபதாயிரம் பேருக்கு அறுபதாயிரம் தடம் எழுதாமல், பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் துளை ஒன்றை விட்டு எழுதினார். எந்தப் பெயரும் அந்தத் துளைக்குள் உட்காரும். ஒரே தடம் ஊர் முழுவதற்கும் போதும். துளை உள்ள தடத்தை எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம். வெள்ளோட்டத்தின்போது உடன் வேலை பார்த்த ஒருவர் ‘மருத்துவர், இன்ன பெயர்’ என்ற தடத்தை ‘மருத்துவர், அவசரம்’ என்பதற்கு மேலே வைத்துவிட்டார். சோதனைக்காக ஒரு ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மருத்துவர் அவசரம் என்று கத்த, அவசரம் என்ற பெயரில் மருத்துவர் யாரும் இங்கே இல்லை என்று சுவர் பணிவாகச் சொன்னது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கஸ்பார் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு தடங்களையும் இடம் மாற்றிவிட்டு, பதினோராயிரத்துச் சொச்சம் தடங்களையும் உச்சியிலிருந்து அடிவரை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். நான்கு நாள் பிடித்தது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஜெசிந்தாவுக்கு யாரோ மிக நீண்ட ஜெபமாலை சொல்வதுபோல் இருந்தது. அதற்குப் பிறகு பதினோரு வருடத்தில் ஒரு கேட்புகூட வழிதவறிப் போகவில்லை.

பட்டியலின் அடியில் இருந்தது கடைசித் தடம். எதற்கும் பொருந்தாத கேட்பு அங்கே வந்து விழும். ‘அப்படி ஒன்றும் இல்லை’ என்று சுவரே சொல்லிவிட்டுப் போகட்டும் என்றது ஊர்மன்றம். இல்லை என்பதை ஒரு மனிதர்தான் சொல்ல வேண்டும் என்று கஸ்பார் பிடிவாதமாக நின்றார். கடைசியில் அங்கே ஒரு மேசை போடப்பட்டது. அந்த மேசையில் எட்டு வருடமாக ஜெசிந்தா இருந்தாள். ஆரம்பத்தில் நாளுக்கு இரண்டு வரும், மிஞ்சிப்போனால் மூன்று.

கஸ்பார் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஏதோ ஒரு தடத்தைத் திருத்திக்கொண்டிருந்தவர் நாற்காலியில் சாய்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. அவர் செய்துவைத்ததில் அவள் கையில் மிச்சமிருந்தது அந்தக் கடைசித் தடம் மட்டும்தான். அது போகப்போகிறது என்று சொல்லத்தான் தடப்பிரிவின் தலைவி சங்கரவடிவு அன்று காலை மேசைக்கு வந்திருந்தாள்.

“எடுக்கல க்கா. உங்க தடம் அங்கனயேதான் இருக்கும். அதுக்கு மேல ஒண்ணு வைக்கோம், அவ்வளவுதான்.”

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. “யாருகிட்ட சொல்லுத வடிவு? எல்லாத்தையும் வாங்கிக்கிடுத தடத்த எனக்கு மேல வச்சிட்டு, நீயும் இருக்கன்னு எங்கிட்டயே சொல்லுதியா?”

வடிவு மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். புதிதாக வருவதன் பெயர் அனைத்தேற்பி. எந்தக் கேட்பு வந்தாலும் ஏற்கும். என்ன பதில் சொன்னால் கேட்டவருக்கு நிறைவாக இருக்கும் என்று தானே கற்றுக்கொள்ளும். மன்றம் இவ்வளவு அவசரப்பட்டதற்கும் காரணம் இருந்தது. கஸ்பார் இறந்தபின், பொருந்தாத கேட்புகள் நாளுக்கு மூன்றிலிருந்து நானூறுக்கு ஏறிவிட்டன. எழுதியவர் போனதும் பட்டியல் கெட ஆரம்பித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். வடிவின் ஆட்கள் நான்கு மாதத்தில் அறுநூறு புதுத் தடங்கள் எழுதிச் சேர்த்தார்கள். எண்ணிக்கை இன்னும் ஏறியது.

காரணம் ஜெசிந்தாவுக்குத் தெரியும். ஐந்தாம் தளத்து ரோச், தன் வீட்டுக் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது என்று தினமும் காலையில் முறையிடுவார். வராத தண்ணீருக்குப் பட்டியலில் பத்துத் தடம் உண்டு. வருகிற தண்ணீருக்கு ஒன்றும் கிடையாது. பத்தாம் தளத்து மரகதவல்லி, நண்டு தூங்குமா என்று கேட்டாள். தடப்பிரிவு உடனே கடலுயிர்களுக்கென்று ஒரு தடம் எழுதியது. மறுநாள் அவள், தூங்குகிற நண்டை எழுப்பினால் அதற்குக் கோபம் வருமா என்று கேட்டாள். எதைச் சொன்னால் பட்டியலில் மாட்டாமல் அடிவரைக்கும் விழலாம் என்பதை மீன் ஏலக்கூடத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கஸ்பாரின் அடக்கத்துக்கு வந்தவர்கள்தான் இப்படி ஒரு மேசை இருப்பதையே முதலில் தெரிந்துகொண்டார்கள். பட்டியல் கெடவில்லை. ஒரு மனிதக் குரலைக் கேட்பதற்காக ஊர்தான் அதிலிருந்து நழுவி விழக் கற்றுக்கொண்டிருந்தது.

இதை அவள் சொன்னபோது வடிவு முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு, இதை மன்றத்தில் மட்டும் சொல்லிவிட வேண்டாம் என்றாள்.

“அதுக்கும் ஒரு தடம் போட்டுருவாங்க க்கா. அபராதம்னு.”

வியாழக்கிழமை அனைத்தேற்பி ஏறியது. அன்று ஜெசிந்தாவின் மேசைக்கு ஒரு கேட்பும் வரவில்லை. வெள்ளி, சனியும் அப்படித்தான். கடைசித் தடம் பட்டியலில் எழுதியபடியே இருந்தது. அங்கே வந்து சேர்வதற்குத்தான் வழி இல்லை. ஐந்து நாள் வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் ஆறாம் நாள் போகவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

அடுத்த வாரம் ஒரு முற்பகல், அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருக்கும்போது வீட்டுச் சுவர் பேசியது.

“ஜெசிந்தா, ஒரு கேட்பு வந்திருக்கிறது. கையாளி நீங்கள்.”

பதினோரு வருடமாக, கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்லிவந்த சுவர். அவள் மீன் கையோடு திரும்பிப் பார்த்தாள். ஒரு பெண் குரல் தயங்கித் தயங்கி வந்தது. தான் ஏழாம் தளத்தில் இருப்பதாகவும், தனக்குப் பாட்டு சுத்தமாக வராது என்றும், ஆனாலும் யாராவது கேட்டுக்கொண்டிருக்க ஒரு பாட்டுப் பாட வேண்டும்போல் இருக்கிறது என்றும் சொன்னது. ஜெசிந்தா பாடச் சொன்னாள். உண்மையிலேயே சுத்தமாக வரவில்லை. அதை அவள் அப்படியே சொன்னதும் அந்தப் பெண் கலகலவென்று சிரித்து, இன்னொரு பாட்டையும் பாடிவிட்டுத்தான் போனாள்.

மத்தியானம் வடிவு மூச்சுவாங்க வந்தாள். ஊர் முழுக்க இதே கதை. மன்றத் தலைவரின் வீட்டுச் சுவரில் மரகதவல்லி வந்து நண்டின் கோபத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசியிருக்கிறாள். முதலில் கத்திய தலைவர், கடைசியில் நண்டுக்கு ஆளை அடையாளம் தெரியுமா என்று விசாரித்திருக்கிறார். விடிந்ததும் விடியாததுமாக வடிவு வீட்டுச் சுவரில் ரோச் வந்துவிட்டார். தங்கள் பேச்சைக் கேட்க ஆள் வேண்டுமென்று ஏங்கியவர்களெல்லாம் இப்போது அடுத்தவர் பேச்சைக் கேட்க உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு ஆத்திரம். முறையிட்டுப் பார்த்தார்கள். இப்படி ஒரு முறையீட்டுக்குப் பட்டியலில் தடம் இல்லாததால் அனைத்தேற்பியே அதையும் வாங்கி, முறையிட்ட இன்னொருவர் வீட்டுக்கு அனுப்பிவைத்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஒருமணி நேரம் மன்றத்தைத் திட்டிவிட்டுத் திருப்தியாகப் பிரிந்தார்கள்.

“இத யாரு அதுக்குச் சொல்லிக்கொடுத்தா?” என்று ஜெசிந்தா கேட்டாள்.

“நீங்கதான் க்கா. உங்க எட்டு வருசத்துப் பதிலத்தான் அதுக்குப் படிக்கக் கொடுத்தோம். எத எடுத்தாலும், மேல் வீட்டுல போய்ப் பாருங்க, எதிர்த்தாப்புல ஒருத்தரு இதையேதான் கேட்டாரு, போய்ப் பேசிப் பாருங்கன்னே சொல்லி வச்சிருக்கிய.”

“எனக்குப் பதில் தெரியாமச் செஞ்சது அது.”

“அது அதுக்குத் தெரியாதுல்லா.”

ஜெசிந்தா கையைக் கழுவினாள். எதற்கும் பொருந்தாத ஒன்றுக்குப் பதில் இன்னொரு மனிதர் என்று அந்த இயந்திரம் எடுத்துக்கொண்டிருக்கிறது. எட்டு வருடம் தான் கைவிரித்ததைத் திறமையென்று நம்பி, அறுபதாயிரம் பேரையும் கடைசித் தடமாக்கிவிட்டிருக்கிறது. கஸ்பார் இருந்திருந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அது யாருக்கு யாரைத் தேர்ந்தெடுக்கிறது என்று நாள் முழுக்க ரசித்துக்கொண்டிருப்பார்.

வடிவு ஒரு தாளை மேசையில் விரித்தாள். மன்றம் முடிவு செய்துவிட்டது. அனைத்தேற்பியை நாளைக்கே இறக்கிவிடலாம். பழைய மேசை, பழைய தடம், எல்லாம் அப்படியே. கடைசித் தடத்தின் கையாளியாகத் திரும்பி வரச் சம்மதம் என்று ஜெசிந்தா கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

அவள் விரும்பியதும் இதைத்தான். பேனாவைக்கூட எடுத்தாள். அப்போது அடக்கம் முடிந்த வாரம் ஞாபகம் வந்தது. ஒருநாள் இரவு அவள் தாங்க முடியாமல் சுவரிடம் ஏதோ சொன்னாள். அது எந்தத் தடத்துக்கும் பொருந்தவில்லை. மறுநாள் காலை மேசைக்குப் போனால், அவள் குரலே அங்கே அவளுக்காகக் காத்திருந்தது. அதை யாரிடம் அனுப்புவது என்று தெரியாமல், முடிந்தது என்று குறித்து மூடினாள். கடைசித் தடத்தில் இருப்பவளுக்கு மட்டும் அந்த ஊரில் கடைசித் தடம் இல்லை.

பேனாவை வைத்துவிட்டு, கொஞ்சம் பொறு என்று வடிவிடம் சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

“கஸ்பார் கண்ணாடியப் போட்டா எனக்கு எல்லாம் மங்கலாத் தெரியுது.”

“கண் மருத்துவம்,” என்றது சுவர் உடனே. “நாளை காலை பத்து மணிக்கு உங்களுக்கு நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது.”

வடிவு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அண்ணாச்சி எழுதுன தடம் க்கா. அவ்வளவு லேசுல விட்டுராது.”

ஜெசிந்தாவும் சிரித்தாள். எட்டு மாதமாகக் கரை மண்ணுக்குள் இருக்கிற மனிதர், அவள் ஒரு வார்த்தை சொல்வதற்குள் தாங்கிப் பிடித்துவிட்டார். அந்தப் பிடியிலிருந்து எப்படி நழுவுவது என்று யோசித்து, மெதுவாகச் சொன்னாள்.

“மங்கலாத்தான் தெரியும்னு எனக்கே தெரியும். இருந்தாலும் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

சுவர் பேசவில்லை. அவள் சொன்னது பதினோராயிரம் தடங்களையும் ஒவ்வொன்றாகத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு, முக்குளிப்பாளர்களின் காற்றழுத்தி இரைச்சலுக்கு நடுவே ஒரு ஆண் குரல் வந்தது. வயதானவர்; இதற்கு முன் அவள் கேட்டறியாத குரல்.

“எம் பொண்டாட்டி செருப்பு எனக்குப் பத்தாது. குதிகால் வெளியதான் நிக்கும். ஆனாலும் வீட்டுக்குள்ள அதப் போட்டுத்தான் நடக்கேன்.”

ஜெசிந்தா திரும்பிப் பார்க்காமலே, தாளை மடித்து வைக்கும்படி வடிவுக்குக் கையைக் காட்டினாள். ஒரு முக்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டு உட்கார்ந்தாள்.

“கடிக்கலியா?” என்று கேட்டாள்.

“கடிக்கத்தான் செய்யும்,” என்றார் அவர். “நீங்க ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போட்டிருப்பிய?”