வலது பக்கத்து சீட்

தம்பி வேலை தேடி, பெட்டியோட அக்கா வீட்டு வாசல்ல வந்து இறங்கினது ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். கதவைத் திறந்த அக்கா, வாடான்னுகூட சொல்லல.

"வயரிங் தெரிஞ்ச ஆள் வர்றான்னு உங்க மாமா காலையிலேர்ந்து வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துட்டே இருக்கார்டா. மூஞ்சியாவது கழுவ விடுங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

பழைய வீடு. பின்பக்கம் தகரக் கூரை போட்ட ஷெட். அதுக்குள்ள ஒரு விமானத்தோட மூக்கு மட்டும் தனியா உக்காந்திருந்துச்சு.

ப்ளைவுட்ல மாமாவே செஞ்சது. முன்னாடி வளைஞ்ச பெரிய திரை. வரிசை வரிசையா சுவிட்சுங்க, பாதிக்கு மேல இன்னும் கரண்ட் வரல. ரெண்டு சீட்டும் அதுங்க முன்னாடி இருந்த ரெண்டு ஸ்டீரிங்கும் மட்டும் நிஜம். பழைய விமானங்களை உடைக்கிற யார்டுல வாங்கினது.

"சக்களத்தின்னு ஒரு மனுஷி வந்திருந்தா சண்டையாவது போட்டிருப்பேன். ஒரு மூக்குகூட நான் என்னடா சண்டை போடறது?"ன்னாள் அக்கா.

மாமா சிரிக்கல. அவர் பைலட்டா இருந்தவர். கம்பெனி மூடி ரெண்டு வருஷம் ஆச்சு, இப்போ பார்சல் வேன் ஓட்டறார். வேற கம்பெனி ஒண்ணு கூப்பிட்டுது, சிமுலேட்டர்ல டெஸ்ட் வெச்சுது. ரெண்டு தடவை தோத்துட்டார். தரை கிட்ட வர்ற நேரத்துல கை உறைஞ்சு போயிடுது. மூணாவது தடவை இந்த வெள்ளிக்கிழமை. அதுலயும் தோத்தா கதவு மூடிடும். அதுக்குப் பழகத்தான் இந்த மூக்கு.

"அஞ்சு நாள்தான் இருக்கு மாப்ளே"ன்னார்.

அந்த மூக்குக்குள்ள முழுக்கக் கருப்பு பெயிண்ட். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே போய்க் கதவைச் சாத்தினா கும்மிருட்டு. ஈயம் உருகின வாசனை, ரப்பர் வாசனை, அதுக்கு அடியில யாரோட வேர்வையோ ஊறிப்போன வாசனை. கூரை சூட்டுல டிக், டிக்னு சத்தம் போட்டுட்டே இருக்கும்.

திங்கக்கிழமை தம்பி தரைப் பலகைக்கு அடியில படுத்து வயர் இணைச்சுட்டு இருந்தான். மேல மாமா இறங்கறதுக்கு முன்னாடி படிக்கிற லிஸ்ட்டைப் படிச்சார். விமானத்துல அப்படித்தான். ஒருத்தர் கேக்கணும், இன்னொருத்தர் பாத்துட்டுப் பதில் சொல்லணும்.

"வீல்?"

"டவுன்."

"ஃப்ளாப்?"

"செட்."

"லைட்?"

"செக்டு."

மாமா பலகையைக் காலால தட்டினார். "பரவாயில்லையே மாப்ளே! ஒரே நாள்ல கத்துக்கிட்டியே!"

அந்தப் பதில் எதையும் தம்பி சொல்லல.

சொல்லவும் முடியாது. அவன் வாயில டார்ச்சைக் கவ்விட்டு இருந்தான்.

அக்காகிட்ட சொன்னா, பிரயாணக் களைப்பு, போய்ப் படுன்னு சொல்லுவா. வந்து ரெண்டு நாள்கூட ஆகல, அதுக்குள்ள பயந்தாங்கொள்ளின்னு பேர் வாங்கணுமா? வாயை மூடிக்கிட்டான்.

புதன்கிழமை ஒரு வேலை செஞ்சான். ரெண்டு ஸ்டீரிங்கையும் கீழே ஒரே இரும்புக் கம்பி இணைக்குது. ஒண்ணைத் திருப்பினா இன்னொண்ணும் திரும்பும். கிரீஸ் போடணும்னு சொல்லி அந்தக் கம்பியைக் கழட்டித் தன் மடியிலேயே வெச்சுக்கிட்டு, இடது சீட்டுல இருந்த மாமாவுக்குப் பின்னாடி உக்காந்தான். இப்போ வலது பக்கத்து ஸ்டீரிங் அசையவே கூடாது.

திரையில ரன்வே பெருசாச்சு.

வலது ஸ்டீரிங் மெதுவா இடது பக்கம் சாஞ்சுது.

அப்புறம் நேரா வந்துது.

விமானம் பஞ்சு மாதிரி தரையில உக்காந்துது. மாமாவோட ரெண்டு கையும் அவர் மடியில இருந்துச்சு.

"மாமா... கை..."

"சத்தம் போடாத. அவர் பாத்துக்கறார்."

அப்புறம்தான் மாமா முழுசா சொன்னார், தலையைக் குனிஞ்சுக்கிட்டு.

"நீ வர்றதுக்கு முன்னாடி ஒரு நாள், இறங்கற நேரத்துல கை வரல. பயத்துல அந்தப் பக்கம் திரும்பி, 'கண்ட்ரோல் உங்ககிட்ட'ன்னு சொல்லிட்டேன். காலி சீட்டுதானேன்னு. 'எடுத்துக்கிட்டேன்'னு பதில் வந்துச்சு."

"திருப்பிக் கேளுங்க!"

"கேக்காமயா இருப்பேன்? அந்த சீட்டுல இருக்கறவர் வாயால குடுத்தாத்தான் எனக்கு வரும். குடுக்க மாட்டேங்கறார்."

வியாழக்கிழமை மத்தியானம் அக்காவும் ஷெட்டுக்கு வந்துட்டா. மாமா மூஞ்சியைப் பாத்தே எல்லாத்தையும் கறந்திருந்தா.

"நாளைக்கு அங்க இவர் கை மட்டும்தானேடா இருக்கும்? இன்னும் ஒரு தடவைகூட இவரா இறக்கல"ன்னாள்.

தம்பி கம்பியை மறுபடி மாட்டினான். கையைத் துடைச்சான். "அந்த சீட்டுல நான் உக்காந்து, நான் குடுத்தா?"

"வேணாம் மாப்ளே. உக்காராத."

உக்காந்துட்டான்.

சீட் சூடா இருந்துச்சு. இப்போதான் யாரோ எழுந்து போன சூடு இல்ல. யாரும் எழுந்து போகாத சூடு.

திரையில ரன்வே வந்துது. தம்பி ஸ்டீரிங்கைப் பிடிச்சான். அவன் விரலுக்கு மேல என்னமோ அழுத்துச்சு.

மூச்சு விட்டான். கூடவே இன்னொரு மூச்சும் கேட்டுச்சு.

"சொல்லுடா"ன்னாள் அக்கா.

வாய் திறக்கல. நாக்கு யாரோடதோ மாதிரி கனமா கிடந்துச்சு. தரை மேல வந்துட்டே இருந்துச்சு. மாமா விரல் விறைச்சுப் போச்சு.

"நான் இருக்கேன்ல, நீங்க விடுங்க"ன்னு தம்பி தனக்குள்ளயே கெஞ்சினான்.

அழுத்தம் விட்டுது.

"கண்ட்ரோல் உங்ககிட்ட, மாமா."

"எடுத்துக்கிட்டேன்!"னு மாமா கத்தினார்.

டமார்னு விழுந்து, குதிச்சு, கோணலா ஓடி, ஒரு வழியா நின்னுது. கண்றாவியா இறக்கினார். ஆனா அவரே இறக்கினார். ஸ்டீரிங் மேல தலையை வெச்சு அழுதார். அக்கா அவர் முதுகுல ஒரு அடி போட்டு, "இதுக்காடா எல்லாரையும் சாவடிச்ச"ன்னு புருஷனை வாடா போடான்னு பேசினா. மூணு பேரும் சிரிச்சாங்க. சாயங்காலம் வரைக்கும் அவர் திரும்பத் திரும்ப இறக்கினார், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நல்லா.

வெள்ளிக்கிழமை மாமா பாஸ். சனிக்கிழமை அந்த ரெண்டு சீட்டும் யார்டுக்கே திரும்பிப் போச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில தம்பி தன் ரூம் கதவைச் சாத்திக்கிட்டு, தனியா உக்காந்து அம்மாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். மாமா பாஸ் பண்ணிட்டார்மா. எனக்கும் வேலை கிடைச்சிடும்மா. நல்லா சாப்பிடறேன், நல்லா தூங்கறேன். பயப்படாத. பேய் பிசாசுன்னு ஒரு வார்த்தை சொல்லல.

பத்து நிமிஷத்துல அம்மாகிட்டேர்ந்து பதில் வந்துது.

"ரொம்ப சந்தோஷம்டா கண்ணு. மாமாகிட்ட நான் விசாரிச்சேன்னு சொல்லு. ஆமா, உன் பக்கத்துல யாருடா அது? நீ சாப்பிடறேன்னு சொன்னா 'செக்டு'ங்கறார், தூங்கறேன்னு சொன்னா 'செக்டு'ங்கறார். என்ன பாஷையோ. ஆனா குரலைக் கேட்டா பொறுப்பான மனுஷன் மாதிரி இருக்கு. புது ஊர்ல வேலை தேடித் தனியா அலையணும், அவரைக் கூடவே வெச்சுக்கோ."